ஜாம் போத்தல் விளக்கு

இன்று அம்மம்மா வீட்டுக் குசினியைத் துப்புரவாக்கும்போது, பரணில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு அகப்பட்டது. கையில் எடுத்ததும் கண் கலங்கிவிட்டது.

போர்க்காலம், 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றரி எல்லாம் அரசு போட்ட பொருளாதாரத் தடைக்குள் போயின. அப்போது வந்த விளக்கு இது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியால் உள்ளே நிறுத்துவார்கள். போத்தலின் கண்ணாடியே சிமினி. சின்னச் சுடர்தான், ஆனால் காற்றுக்கு அணையாது. அதைச் சுற்றி இருந்துதான் நானும் அண்ணாவும் படித்தோம்.

வானொலி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மாமா பெடலைச் சுற்றுவார். டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்கும். கை தளர்ந்தால் செய்தியும் தேய்ந்துபோகும். "விடாமல் சுத்துங்கோ!" என்று அம்மம்மா சத்தம் போடுவா.

1847இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் காலத்துக் கருவிகளை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். இந்தப் போத்தலுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும் என்பேன். இதுவும் எங்கள் தொழில்நுட்பம்தான்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்துப் போடுங்கள், யார் செய்தது என்றும் எழுதுங்கள். எங்களுடையது மாமா செய்தது. வால்வில் இன்னும் கரி இருக்கிறது, நான் துடைக்கவில்லை.