அப்பாவின் இரைப்பையில் லிம்ஃபோமா: 14 நாள் மாத்திரை, ஒரு வருடக் காத்திருப்பு

அப்பாவுக்கு ரொம்ப நாளாக வயிற்று உப்புசம். நாலு இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்துவிடுவார். கேஸ் என்று சொல்லி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று அம்மாவிடம் சொன்ன பிறகுதான் எண்டோஸ்கோபிக்கே போனோம்.

முதல் பயாப்ஸியில் சாதாரண இரைப்பை அழற்சி என்று வந்தது. எடுத்தது இரண்டே துணுக்கு. நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியது. அடுத்துப் பார்த்த மருத்துவர் புண்ணிலிருந்தும், பார்வைக்குக் கோளாறில்லாமல் இருந்த இடங்களிலிருந்தும் பத்துக்கு மேல் துணுக்கு எடுத்தார். இந்த நோய் திட்டுத்திட்டாக இருக்கும், ஒன்றிரண்டு துணுக்கில் அகப்படாமல் போகலாம் என்றார். வீணாய்ப் போன அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

லிம்ஃபோமா என்று ரிப்போர்ட் வந்த இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் இரைப்பைப் புற்றுநோய் பற்றித் தேடிப் படித்து அழுதேன். நான் படித்தது வேறு நோய். இரைப்பையின் உள்தோலில் வருகிற கேன்சர் வேறு, லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களில் வருகிற லிம்ஃபோமா வேறு. அதிலும் எந்த வகை என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த வகைச் செல் என்று காட்டும் இம்யூனோ சாயப் பரிசோதனை முடிய இன்னும் ஒரு வாரம் ஆனது. மால்ட் லிம்ஃபோமா, மெதுவாக வளரும் வகை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. ஸ்கேனில் நோய் இரைப்பையைத் தாண்டவில்லை.

"ஐயா, இப்போதைக்கு கீமோ வேண்டாம். 14 நாள் மாத்திரை சாப்பிடுங்க" என்றார் மருத்துவர்.

கேன்சருக்கு ஆன்டிபயாட்டிக்கா என்று அப்பா என்னைப் பார்த்தார். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இரைப்பையில் இயல்பாக இந்த லிம்ஃபோசைட் கூட்டம் கிடையாது. கிருமி வருடக்கணக்கில் உறுத்துவதால்தான் அங்கே வந்து சேர்கிறது, பெருகுகிறது. கிருமி போனால் பெருகத் தூண்டுவதும் போய்விடும். 1993-ல் லண்டன் நோயியல் மருத்துவர் பீட்டர் ஐசக்ஸனின் குழுவினர் ஆறு பேருக்கு இப்படிக் கிருமியை ஒழித்துப் பார்த்தபோது ஐந்து பேருக்கு லிம்ஃபோமா மறைந்தது. ஆரம்ப நிலையில், கிருமியும் இருந்தால், நாலில் மூன்று பேருக்காவது இது போதும். லிம்ஃபோமா செல்களில் 11, 18-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த மாத்திரைக்குக் கேட்காது. அப்போது கதிர்வீச்சுதான். அப்பாவுக்கு அந்த மாற்றம் இல்லை.

மாத்திரை நாட்கள் கஷ்டம். வாயெல்லாம் இரும்புக் கசப்பு. நாலாம் நாள் மலம் மறுபடி கறுத்தது, அப்பா நடுங்கிப்போனார். பிஸ்மத் மாத்திரை அப்படித்தான் ஆக்கும், இரத்தம் இல்லை என்று போனில் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மூச்சுப் பரிசோதனையில் கிருமி போயிருந்தது. ஆனால் மூன்றாம் மாத பயாப்ஸியில் லிம்ஃபோமா அப்படியே இருந்தது. கதிர்வீச்சு கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நோய் கூடவில்லை, பரவவில்லை, மறைய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். ஏழாம் மாதம் குறைந்தது. பதிமூன்றாம் மாதம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு காத்திருந்த அண்ணன் ஒருவருக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பெரிய பி செல் லிம்ஃபோமா, பி வகை லிம்ஃபோசைட்டில் வந்து வேகமாக வளர்வது. அதே இடத்தில் குடல் காசநோயும் வரும் என்பதால் முதலில் டிபி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவருக்கு 21 நாளைக்கு ஒருமுறை ஆர்-சாப் என்னும் மருந்துக் கூட்டில் கீமோ, ஆறு சுற்று. வேகமான நோய்தான், ஆனால் முழுசாகக் குணமாகிறவர்கள் அதில் நிறையப் பேர். மெதுவான வகையென்றால் பயமில்லை, வேகமான வகையென்றால் முடிந்தது என்று நான் போட்ட கணக்கு அங்கேதான் தப்பானது.

ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கையும், அதாவது பயாப்ஸித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பதையும், லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டாவது கருத்துக்கு அதுதான் வேண்டும். அப்பாவுக்கு அடுத்த எண்டோஸ்கோபி தை மாதம். பிளாக் உள்ள டப்பா பீரோவில் அவர் பென்ஷன் புத்தகத்தோடு இருக்கிறது.