முன்பின் தெரியாதவரோடு சல்சா: சுங்கை சிப்புட்டிலிருந்து

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சல்சாவா, ஜோடியாகக் கைபிடித்து ஆடும் அந்த லத்தீன் அமெரிக்க ஆட்டமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஒரு கடைவீட்டு மாடியில், கீழே டயர்க் கடை, ஞாயிற்றுக்கிழமை அதைச் சாத்திய பிறகுதான் எங்கள் வகுப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கில் நிற்பது, ஐந்து, ஆறு, ஏழு, எட்டில் நிற்பது, இதெல்லாம் இப்போது எண்ணாமலே கால் போடுகிறது. மாஸ்டர் "மாறு" என்றதும் பெண்கள் ஒரு ஆள் தள்ளிப் போய் அடுத்தவர் கையைப் பிடிக்க வேண்டும். ஆனால் அங்கே எல்லாமே தெரிந்த கைகள். பக்கத்து நகரமான ஈப்போவில் ஆட்டம் நடக்கும் இரவுகளுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் முகமே தெரியாதவரோடு ஆடுவது தனிப் பாடம் என்று பிடிபட்டது.

முதலில் கட்டைவிரல். ஆண் தன் விரல்களை நீட்டிக் கொடுப்பார், பெண் தன் விரல்களை அதன்மேல் வைப்பாள், அவ்வளவுதான் பிடி. சுழலும்போது என் கை அவர் விரல்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அவர் கட்டைவிரலை என் புறங்கையில் அழுத்திப் பூட்டிவிட்டால் நான் திரும்புவேன், கை திரும்பாது, மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், அதற்கப்புறம் தோள்பட்டை. சல்சா பாட்டு நிமிடத்துக்கு 180, 200 தட்டு என்று ஓடும்போது நிறுத்திச் சொல்லவும் நேரமிருக்காது. அதனால் புதியவர் யாரோடு ஆடினாலும் முதல் எட்டு எண்ணிக்கைக்குள் என் விரல்களைச் சும்மா நீட்டிப் பார்ப்பேன். அவர் பிடி திறந்துகொண்டால் நல்ல ஆட்டக்காரர், நான்கே நான்கு ஸ்டெப் தெரிந்தவராக இருந்தாலும் சரி. திறக்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே, "அண்ணே, கையைக் கொஞ்சம் லூசா விடுங்க". தமிழ் தெரியாதவர்களிடம் அதையே மலாயில், "தாங்ஙான் லொங்கார் சிக்கிட்". பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்காதவரோடு சுழலும் ஸ்டெப் எதற்கும் போகாமல் நேராக ஆடி முடித்து நன்றி சொல்லிவிடுவேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் ஸ்டெப் ஒன்று இருக்கிறது, பார்க்க அழகுதான், இழுத்துவிட்டால் தோள் கெட்டது, அது இப்படிப்பட்டவர்களிடம் வேண்டவே வேண்டாம்.

நகை விஷயம் எங்கள் பெண்களுக்குத் தனி. தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு ஒரு ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். வளையல், கல் வைத்த மோதிரம் பைக்குள். சடையைக் கொண்டை போட்டுவிடுவது நல்லது, நீளச் சடை சுழன்றால் பக்கத்து ஜோடியின் முகத்தில்தான் போய் விழும். ஜிமிக்கியைப் பற்றி நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை, வகுப்பில் ஒரு அக்காவின் ஜிமிக்கி ஆடியவரின் கைக்கடிகாரப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் வரை. கை தலைக்கு மேலே போய் இறங்கும் இடத்தில் சரியாகக் கொக்கி போட்டுவிட்டது. நல்லவேளை, அந்த அண்ணன் கையை இழுக்கவில்லை. அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார், அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு தானே திருகைக் கழற்றி எடுத்தார், பாட்டு பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அன்றிலிருந்து கடிகாரங்கள் எல்லாம் மாடி ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருக்கும்.

துண்டு, மாற்றுச் சட்டை, தண்ணீர் எல்லாரும் கொண்டுவர வேண்டும், நம் ஊர் புழுக்கத்தில் சொல்லவே தேவையில்லை. வாடை தூக்கும் பெத்தாய்க் கொட்டை போட்ட சம்பல் சாப்பிட்ட அன்று ஆட வராதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் ஆண்கள் குறைவு என்பதால் நான் இப்போது ஆண் பாகமும் கற்றுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் நின்றால்தான் தெரிகிறது, எதிரே இருப்பவளுக்கு முதுகுக்குப் பின்னால் கண் இல்லை, அவளை எங்கே அனுப்புகிறோமோ அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நம் வேலை. இடம் நெரிசலானால் ஸ்டெப்பைச் சுருக்க வேண்டும். பின்னால் வைக்கும் காலை எட்டி வைத்தால் அடுத்தவர் பாதத்தில் குதிகால் ஏறும். இடித்துவிட்டால் யார் தப்பு என்று பார்க்காமல் இரண்டு பேரும் மன்னிப்பு கேட்பதுதான் வழக்கம். அப்புறம் அந்தச் சாய்ப்பு, பாட்டு முடியும்போது பெண்ணை மல்லாக்கச் சாய்ப்பார்களே, அது தெரியாதவரிடம் கூடவே கூடாது. சில ஆண்கள் கேட்காமலே ஆரம்பிப்பார்கள். அப்போது நான் முழங்காலை மடக்கி, ஒரு காலைப் பின்னால் வைத்து, என் எடையை என் காலிலேயே வைத்துக்கொள்கிறேன். அவரால் சாய்க்க முடியாது, எனக்கும் இடுப்பு பிடிக்காது.

கேட்பதும் மறுப்பதும்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி. ஜோகெட் என்கிற மலாய் ஆட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை, தொடவே வேண்டாம், கல்யாண வீட்டில் யாரும் யாருக்கும் எதிரே நின்று ஆடிவிட்டுப் போகலாம். இங்கே கை கொடுக்க வேண்டும், ஈப்போவிலும் எவராவது ஒருவர் "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுவிடுவார். அதனால் மறுக்கக் கூச்சப்பட்டு, கால் வலி என்று சொல்லிவிடுகிறார்கள். கால் வலி என்றால் அடுத்த பாட்டுக்கும் ஆட முடியாது, ராத்திரி முழுக்க நாற்காலிதான்! "இந்தப் பாட்டு வேண்டாம் அண்ணே, நன்றி" என்றால் போதும். காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை. புவெனஸ் அயர்ஸ் டாங்கோ அரங்குகளில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: தூரத்திலிருந்தே கண்ணைப் பார்ப்பது, தலையை லேசாக அசைப்பது. எதிரே அவரும் அசைத்தால் ஆட்டம், பார்வையைத் திருப்பிக்கொண்டால் இல்லை, யாருக்கும் அவமானம் இல்லை. எங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம், முதலில் எல்லாரும் சிரித்தே கெடுத்தார்கள், பிறகு கூச்ச சுபாவமுள்ள பெண்களுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

சல்சா இரவுகளில் நடுவே பச்சாத்தா போட்டால் இன்னும் கவனம், அது இன்னொரு ஜோடி ஆட்டம். நெருக்கமாக இழுத்துவிட்டு "இந்த ஆட்டமே அப்படித்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. டொமினிக்கன் குடியரசில் அது குடும்ப விழாக்களில் சின்ன வயதிலிருந்தே பார்த்துக் கற்கும் ஆட்டம், 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது, அப்படித்தான் என்று யாரும் அங்கே விதி எழுதவில்லை. இடைவெளி எவ்வளவு என்பதை, ஆணின் அசைவைப் பின்தொடர்ந்து ஆடும் பெண்தான் முடிவு செய்வாள். என் இடது முன்கையை அவர் தோளின் முன்பக்கம் வைத்துவிடுவேன், முழங்கை மடங்காதவரை அதற்கு மேல் அவர் நெருங்க முடியாது. அதையும் தள்ளிக்கொண்டு வந்தால் பாட்டு நடுவிலேயே விட்டுவிட்டு வரலாம், முடிக்க வேண்டும் என்று எந்த மரியாதையும் கேட்காது. போகும்போதும் வரும்போதும் நாங்கள் பெண்கள் ஒரே காரில்தான். இது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

அடுத்து ருவேடா என்கிற வட்ட சல்சா கற்க ஆசை. 1950களில் ஹவானாவில் தொடங்கியது, ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்கக் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஆள் மாறிக்கொண்டே ஆடுவது. ஒருவர் கையை நேரத்தில் விடாவிட்டால் வட்டமே குழம்பும் என்பதால் எனக்கு இதில் தனி ஆர்வம். நான்கு ஜோடியாவது சேரட்டும், ஆரம்பிக்கலாம் என்கிறார் மாஸ்டர். இப்போதைக்கு மூன்றுதான், அதிலும் ஒரு ஜோடியில் ஆண் நான்.