தனியாகப் பேச ஓர் இடம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, நான் காரைக்குடியில் ஒரு மனநல மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநராக இருந்தேன். தற்கொலை எண்ணத்தோடு உள்நோயாளியாகச் சேர்ந்து, சற்றுத் தேறி வீடு திரும்பும் வளரிளம் பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை; அந்த வாரங்களில்தான் பேருந்து நின்றுபோய், கைபேசி ஒன்றே எங்களுக்கு வழியாயிற்று.

அவர்களில் ஒருத்தி (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்) கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பெண். வீட்டுக்குரிய பங்காளிகள் வெளியூரில் இருப்பதால் வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்க, அத்தனை பெரிய வீட்டில் அவள் தனியாகப் பேச ஓர் இடம் இல்லை. இருந்தது ஒரே கைபேசி, அதுவும் ஸ்பீக்கரில். "நல்லாத்தான் இருக்கேன் அக்கா" என்பாள். வளவில் எதிரொலிக்கும் அந்தக் குரலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் ஓசையும் அப்பாவின் இருமலும் கேட்கும். நலம் என்றே நானும் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகள் இன்றும் என் மனத்தை அழுத்துகின்றன.

ஜூன் 9 அன்று அவள் எழுதவிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என்று அறிவித்தார்கள். அவள் நோயுற்றிருந்தது அரையாண்டின்போதுதான். பிள்ளைக்குப் பாரம் குறைந்தது என்று வீட்டாரோடு நானும் எண்ணியிருக்க, விட்டதைப் பிடிக்க இருந்த ஒரே வாய்ப்பும் போயிற்று என்று அவள் உள்ளுக்குள் உடைந்திருக்கிறாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019இல் 10,335 பேர். பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்த 2020இல் 12,526 பேர். அந்த எண்களைப் பின்னாளில் படித்தபோது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஜூன் கடைசியில் ஆட்டோ பிடித்து நேரில் வந்தார்கள். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. வெளியே போக மனமில்லாமல் தாய் அருகிலேயே நின்றார். "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க மேடம், இல்லாத நெனப்ப உண்டாக்கிடாதீங்க" என்று தாய் பதறினார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள், "தெனமும் தோணுது" என்றாள் பிள்ளை.

மருத்துவர் மருந்தை மாற்றி, ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதினார். மாத்திரைகளைத் தாயே பூட்டிவைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்கவும், தோட்டத்துப் பூச்சிமருந்தை அன்றே வீட்டைவிட்டு அகற்றவும் சொன்னோம். பிள்ளையைத் தனியாகப் பேசவிடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் அழைத்தபோது ஸ்பீக்கர் இல்லை. "நீ பேசு, நான் வெளித் திண்ணையில இருக்கேன்" என்று தாய் சொல்வதும், கனத்த கதவு சாத்தப்படுவதும் கேட்டன. வெகுநேரம் அவள் பேசவில்லை, நான் காத்திருந்தேன்.