ஸ்டென்ட் வைத்தவருக்கும் மெடிகேப் மாற்ற முடிந்தது

என் கணவருக்கு 2021-இல் ஸ்டென்ட் வைத்தார்கள். மெடிகேர் என்பது அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு; அது கட்டாமல் விடும் பங்கைக் கட்ட தனியார் கம்பெனியில் எடுப்பதுதான் சப்ளிமென்ட் பிளான், அதாவது மெடிகேப். இனி அவருடைய சப்ளிமென்ட் பிளானை மாற்றவே முடியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபரில் ஒரு ஏஜென்ட்டைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். டிசம்பர் 7 வரை மாற்றலாம் என்று டிவியில் சொல்கிறார்களே என்றேன். அது மெடிகேர் பலன்களைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் அட்வான்டேஜ் பிளானுக்கும் மருந்துக்கான பார்ட் டி பிளானுக்கும்தானாம். சப்ளிமென்ட் என்றால் உடம்பைப் பற்றிக் கேட்பார்கள், இதய நோய் என்றதும் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

அவருக்கு 65 வயதான 2017-இல் சப்ளிமென்ட் பிளான்களில் எஃப் என்ற வகையை எடுத்திருந்தோம். 2020 ஜனவரி 1-க்குப் பிறகு மெடிகேருக்குத் தகுதி பெற்றவர்களுக்கு எஃப் கிடையாது. புதிதாகத் தகுதி பெறுகிறவர்கள் சேர முடியாமல், உள்ளே இருப்பவர்களுக்கு வயது ஏற ஏற, ப்ரீமியமும் ஏறிக்கொண்டே போனது. 2025 மே மாதம் வந்த கடிதத்தில் மாதம் 312 டாலர்.

மனசு கேட்காமல் ஹைகேப்புக்கு ஃபோன் செய்தேன். கலிஃபோர்னியாவில் மெடிகேர் ஆலோசனையை இலவசமாகத் தருகிறவர்கள் அவர்கள். எதையும் விற்க மாட்டார்கள். பேசிய அம்மாள் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவருக்குப் பிறந்தநாள் என்றைக்கு?" என்றார். ஜூலை 12 என்றேன்.

கலிஃபோர்னியா சட்டப்படி, ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர் ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாளிலிருந்து 60 நாளுக்குள், அதே அளவோ குறைவோ சலுகை உள்ள பிளானுக்கு எந்த கம்பெனியிலும் மாறிக்கொள்ளலாம். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. இதை அந்த ஏஜென்ட் சொல்லவே இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். எல்லா மாநிலத்திலும் இந்த வசதி இல்லை. ஹைகேப் போல ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிற இலவச மெடிகேர் ஆலோசனைத் திட்டத்துக்கு ஷிப் என்று பெயர்; உங்கள் மாநிலத்தின் ஷிப் ஆலோசகரைக் கேட்டுப் பாருங்கள்.

எஃப்புக்கும் ஜி என்ற இன்னொரு சப்ளிமென்ட் பிளானுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று: மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யில் வருஷா வருஷம் முதலில் கட்ட வேண்டிய தொகையை, அதாவது டிடக்டிபிளை, ஜி கட்டாது. 2025-இல் அது 257 டாலர். இன்னொரு கம்பெனியில் ஜி 221 டாலருக்குக் கிடைத்தது. வருஷத்துக்கு 1,092 டாலர் மிச்சம். அதில் 257 போனாலும் 835 கையில் நிற்கும். அந்த வருஷத்து டிடக்டிபிளை ஜனவரியிலேயே பழைய எஃப் கட்டிவிட்டதால் அதுவும் எங்களுக்கு இல்லை.

விண்ணப்பத்தை சாப்பாட்டு மேஜையில் விரித்து உட்கார்ந்தோம். மூன்றாம் பக்கம் முழுக்க உடல்நிலைக் கேள்விகள். இவர் பேனாவைப் பிடித்தபடி, "கேட்டிருக்காங்களே, எழுதாம விட்டா மறைச்ச மாதிரி ஆகாதா?" என்றார். மறுபடி ஹைகேப்பைக் கூப்பிட்டோம். பிறந்தநாள் விதிக்கான கட்டத்தில் டிக் செய்தால் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம் என்று விளக்கினார்கள். டிக் செய்து, பழைய பிளானின் அட்டை நகலையும் ப்ரீமியம் நோட்டீஸையும் சேர்த்து ஜூலை 15 அன்று அனுப்பினோம்.

இதில் ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். புது அட்டை கைக்கு வரும்வரை பழையதை நிறுத்தாதீர்கள். எங்களுக்கு செப்டம்பர் 1 முதல் ஜி என்று உறுதிக் கடிதம் வந்த பிறகுதான் பழைய கம்பெனிக்கு எழுதினேன். அப்படியும் ஆட்டோ டெபிட்டில் செப்டம்பருக்கு 312 எடுத்துவிட்டார்கள். இரண்டு முறை ஃபோன் செய்த பிறகு திருப்பித் தந்தார்கள்.

கார்டியாலஜிஸ்ட்டிடம் புது அட்டையைக் காட்டியதோடு சரி. மெடிகேரை ஏற்கிற டாக்டர் என்பதால் எதுவும் மாறவில்லை. இந்த ஜனவரியில் முதல் தடவையாக டிடக்டிபிள் பில் வந்தது, 2026-க்கு 283 டாலர். இவர் அன்றைக்கே கட்டிவிட்டார்.

எனக்கும் எஃப்தான். ஏப்ரலில் பிறந்தநாள். ஹைகேப்பில் இப்போதே நேரம் வாங்கி வைத்துவிட்டேன்.