ஷியாம்பஜார் டிராமில் ஒரு பகல்

ஹவுரா நிலையத்தில் இறங்கியதும் டாக்சி வரிசைப் பக்கம் நான் போவதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே படகுத் துறைக்கு நடந்துவிடுவேன். கொல்கத்தாவுக்கு இது ஆறாவது பயணம். விக்டோரியா நினைவு மண்டபம், அருங்காட்சியகம், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் எல்லாம் முதல் இரண்டு பயணங்களிலேயே பார்த்தாகிவிட்டது. அப்போது நிறையப் பார்த்தேன், எங்கும் உட்காரவில்லை. இது உட்காரத் தெரிந்தவர்களின் ஊர் என்பது மூன்றாம் முறைதான் எனக்குப் புரிந்தது.

பாக்பஜார் போகும் படகுக்கு டிக்கெட் சில ரூபாய்தான். புறப்பட்ட சற்று நேரத்தில் பாலம் தலைக்கு மேல் வந்துவிடும். 1943-இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்துக்கு ஆற்றின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு, போல்ட்டு இல்லாமல் அத்தனை இரும்பையும் ரிவெட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். பாலத்தின் மேல் நடந்தால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். படகிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அதன் பிரம்மாண்டம் நெஞ்சில் இறங்குகிறது. எதிர்க்கரையில் மல்லிக் காட் பூச்சந்தை. செண்டுமல்லிச் சரங்களை மலைப்பாம்பு போலச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் படியேறுவார்கள்.

2024 முதல் இதே ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. முக்கால் நிமிடத்தில் ஹூக்ளியைக் கடந்துவிடலாம். ஒரு முறை போய் வந்தேன், பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனாலும் ஆற்றைப் பார்க்காமல் ஆற்றைக் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

பாக்பஜாரில் இறங்கித் தெற்கே கொஞ்சம் நடந்தால் குமார்டுலி, சிலை செய்யும் குயவர்களின் தெரு. நம் ஊரில் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு முடிந்துவிடும். வங்காளத்தில் அது வசந்த பஞ்சமிக்கு வருகிறது. நான் போன தை மாதத்தில் தெரு நெடுகச் சரஸ்வதிகள். வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய, தலையில்லாத உடம்புகள் ஒரு பக்கம். முதல் பூச்சு மண் காய்ந்து வெடிப்பு விட்டவை மறுபக்கம். ஒரு பெரியவர் வாசலில் அமர்ந்து விரல்களை மட்டும் செய்துகொண்டிருந்தார். ஒரு துளி களிமண், உள்ளங்கையில் ஓர் உருட்டல், நகத்தால் ஒரு கீறல், விரல் தயார். பலகையில் அவை வரிசையாகக் கிடந்தன, வீணையை மீட்டப்போகும் விரல்கள். மண் குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்தேன். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தன் வேலைக்குத் திரும்பினார். குளிர்காலம் என்பதால் புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு கிடைத்தது. அதற்காகவே இந்த மாதங்களில் போகலாம்.

அங்கிருந்து ஷியாம்பஜார் நடக்கும் தூரம். எஸ்பிளனேடு போகும் ஐந்தாம் எண் டிராமில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தேன். ஓட்டுநர் காலால் மிதித்து மணியடிக்க, வண்டி தயங்கி நகர்ந்தது. நடத்துநர் டிக்கெட் கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று வருடிக்கொண்டே வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றேன்.

"வேலூரா! என் அண்ணனுக்கு அங்கேதான் இதய அறுவை சிகிச்சை நடந்தது. நாற்பது நாள் லாட்ஜில் இருந்தோம். வெயில் இன்னும் அப்படித்தானா?"

"அப்படியேதான், தாதா" என்றேன், அண்ணனை வங்காளிகள் அழைக்கும் சொல்லால். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி, தன் மாமியாரையும் அங்கே அழைத்துப் போனதாகச் சொன்னார். இந்த ஊரில் எனக்கு இது வழக்கமாகவே நடக்கிறது. எங்கள் ஊர் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளும் மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. என் அரைகுறை வங்காளம் அங்கே நின்று கேட்டுப் பழகியது. அவர்கள் கவலையோடு வந்து தங்கிய ஊரிலிருந்து நான் அவர்கள் ஊருக்கு ஓய்வெடுக்க வருகிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனிந்துவிடும்.

1873-இல் குதிரை இழுத்த டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. மைதான் என்ற நகரத்துப் பெருந்திடலை ஒட்டிய ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024-இல் மாநில அரசு சொன்னது. சாலை நெரிசல்தான் காரணம் என்கிறார்கள். புகை விடாத, முதியவர்கள் பதறாமல் ஏறி இறங்கக்கூடிய ஒரு வண்டியைக் கைவிடுவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓடும் வரை ஏறிக்கொள்ளுங்கள்.

கல்லூரித் தெருவில் இறங்கினேன். நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். நமக்கு வேண்டியதைக் கடைக்காரர் எந்த அடுக்கின் அடியிலிருந்தும் உருவித் தருவார், மேலே உள்ளவை சரியாது. ஒரு சந்து திரும்பிப் படியேறினால் காபி ஹவுஸ். ஒரு காலத்தில் ஆல்பர்ட் ஹால் என்று பெயர் பெற்றிருந்த கட்டடம். இப்போது ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. உயர்ந்த கூரை, நீண்ட கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள். பாலில்லாக் காபிக்கு இங்கே இன்ஃப்யூஷன் என்று பெயர். டிகாக்ஷனில் வளர்ந்த நாக்குக்கு அது மெலிதுதான். ஆனால் இங்கே யாரும் காபிக்காக வருவதில்லை. அட்டா போட வருகிறார்கள். முடிவு தேடாமல், கூடி அமர்ந்து பேசுவதற்கு வங்காளிகள் வைத்திருக்கும் சொல் அது. என் மேசையில் இடம் கேட்டு அமர்ந்த இரண்டு மாணவர்கள் ஒரு கவிதையின் ஒற்றை வரிக்காக ஒரு மணி நேரம் வாதாடினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. எழுந்துபோக மனமில்லை. காலிக் குவளையோடு இரண்டரை மணி நேரம் இருந்தேன், இன்னும் எதுவும் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

வேறு பயணங்களில் சிவ்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தடியில் இப்படிப் பகலைக் கழித்ததுண்டு. நோய் கண்டதால் 1925-இல் அதன் தாய்மரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளை ஊன்றியே மரம் இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.

மாலையில் அடுத்த டிராம் பிடித்து எஸ்பிளனேடு. அருகே திப்பு சுல்தான் மசூதி. திப்புவின் மகன் குலாம் முகமது 1842-இல் கட்டியது. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே சிறை வைத்திருந்த திப்புவின் குடும்பத்தை ஆங்கிலேயர் கொல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் அகழியைப் பார்த்து வளர்ந்த சிறுவன், இந்த ஊரில் முதியவனாகி மறைந்தான். ஒவ்வொரு முறையும் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று அந்தக் கும்மட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். இந்த முறையும் நின்றேன். பாங்கு ஒலி எழுந்தது. பின்னால் முனையத்தில் ஐந்தாம் எண் டிராம் வளைந்து திரும்பி, மணியடித்து, மறுபடி ஷியாம்பஜாருக்குக் கிளம்பியது.