ஒன்பது விநாடிக்கு ஒரு சிமிட்டல்

அக்டோபர் 4, சனி

மீட்டர் 18,342. காலை ஆறரைக்கு எடுத்தேன். இனி தினமும் இதே நேரம். இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

18,347. ஐந்து யூனிட். ஹீட்டர் இன்னும் பரணில் கிடக்கும்போதே ஐந்து.

எது இழுக்கிறது என்று பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டேன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், பள்ளிக்கூடத்தில் படித்தது, இப்போதுதான் உதவுகிறது. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் எல்லாம் சேர்ந்து கால் யூனிட்டைத் தொடவில்லை. அப்படியானால் இத்தனை வருடமாக "லைட்டை அணைச்சுட்டு வா" என்று நான் போட்ட கூச்சல் அத்தனையும் ஒரு கால் யூனிட்டுக்குத்தான். ஆளை விழுங்குவது குளிக்கிற வெந்நீர். பதினைந்து லிட்டர் வாளி, குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்தால் 40-க்கு ஏற்றக் கிட்டத்தட்ட அரை யூனிட் ஆகிறது. வீட்டில் நான்கு பேர். தினமும் இரண்டு யூனிட் சாக்கடையில் ஆவி பறக்கப் போகிறது.

சின்னவளிடம் முக்கால் வாளி போதும் என்றேன். "அப்போ முக்கால்வாசிதான் குளிப்பேன்" என்றாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றும் அழைப்பு இல்லை.

அக்டோபர் 8, புதன்

பின்னறை ஜன்னல். போன வருடமே பார்த்திருக்க வேண்டும். கையை நனைத்து, புறங்கையைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்தினால் காற்று நுழைகிற இடம் ஊசி குத்தின மாதிரி தெரிகிறது. கீழ் மூலையில் ஓர் இடம், கொக்கிப் பக்கம் இரண்டு இடம். கதவுக்கு அடியில் கேட்கவே வேண்டாம், என் சுண்டுவிரல் போகிறது. பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, உள்ளே கந்தலைத் திணித்து, இரண்டு பக்கமும் தைத்துக் கதவடியில் போட்டாயிற்று. செத்த பாம்பு மாதிரி இருக்கிறது என்று அம்மா தாண்டிப் போகவே மறுத்தாள். அப்புறம் காலாலேயே தள்ளப் பழகிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு, பொருள் சுற்றி வந்த குமிழி பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைத்திருந்தேன். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கத்தை அழுத்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. குளிரைத் தடுப்பது பிளாஸ்டிக் இல்லை, குமிழிக்குள் அசையாமல் அடைபட்டுக் கிடக்கிற காற்று. ஒரு தடிமன் சட்டைக்குப் பதில் இரண்டு மெல்லிய சட்டை போடு என்பதும் இதே சங்கதிதான். வெளிச்சம் வருகிறது, வெளியே இருப்பது தெரியவில்லை. அம்மாவுக்கு அந்த மரம் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கையகலம் வெட்டிவிட்டேன்.

அந்தக் கையகலத்தின் வழியாக எவ்வளவு சூடு போகும் என்று இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். பைத்தியம்தான்.

அக்டோபர் 11, சனி

18,376. ஆறு நாளில் இருபத்தொன்பது. நாளுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது!

திரை விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் செய்துகொண்டிருந்தேன். பகலில் வெயில் விழுகிற ஜன்னலின் திரையை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், வெயில் இறங்கினதும், இருட்டுவதற்கு முன்பே, இழுத்து மூடிவிட வேண்டும். காசில்லாமல் வருகிற சூட்டை உள்ளே விட்டு, வாசலைச் சாத்துவது.

ஆனால் இந்த ஈரம். எல்லா ஓட்டையையும் அடைத்ததும் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டது என் புத்தி. பிழிந்த துணியில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும், வீட்டுக் காற்றில்தான் போகும், அது போய் எங்கே குளிர்ந்திருக்கிறதோ அங்கே உட்காரும். பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளி. பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்தோம். காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுவது என்று முடிவு. இவர், "அடைக்கிறதும் நீயே, திறக்கிறதும் நீயே" என்கிறார். பத்து நிமிடத்தில் காற்றுதான் மாறும், சுவர் குளிர்ந்துவிடாது, நாள் முழுக்க ஒருக்களித்துத் திறந்து வைத்தால்தான் சுவரும் சேர்ந்து குளிரும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். காதில் விழுந்ததா என்பது வேறு. இவருக்கு ஃபோன் மேலேயே கண்.

அக்டோபர் 13, திங்கள்

ஒரு சட்டியில் கரி போட்டுக் கொளுத்தி அறைக்குள் வைத்தால் ராத்திரி முழுக்கக் கதகதப்பு, செலவே இல்லை என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். மூடின அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி என்று நினைத்துக்கொண்டு படுப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். அதுவும் நான் எல்லா இடுக்கையும் அடைத்து வைத்திருக்கிற வீட்டில். சிக்கனத்துக்கு ஒரு கோடு இருக்கிறது, அது இந்தப் பக்கம். "சரிங்க, பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

அம்மாவின் அறையில் வெப்பமானி வைத்தேன். அதிகாலையில் 15. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டு வழிகாட்டியில் குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தேவைப்படலாம் என்று இருக்கிறது. 15-க்கும் 18-க்கும் நடுவே மூன்றே டிகிரி. அதைப் போர்வையாலேயே ஈடுகட்ட முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.

வெந்நீர்ப் பை வாங்கியாயிற்று. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுபோனாலும் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான். ஹீட்டரோடு ஒப்பிட்டால் சும்மா. கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, முக்கால் பையோடு நிறுத்தி, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடியைத் திருகி, துண்டில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி முன்பு போர்வைக்குள் வைத்தேன். அம்மா காலை நீட்டினதும் "ஆஹா" என்றாள். அந்த ஒரு "ஆஹா"வுக்கு இந்த வாரம் முழுக்கத் தாங்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

18,403. இவருடைய கம்பளிச் சட்டை முழங்கையில் ஓட்டை. ஒரு ரூபாய்க் காசு அளவு.

அக்டோபர் 21, செவ்வாய்

கை நடுங்குகிறது.

காலையில் அம்மாவின் குதிகாலில் சிவப்பாக ஒரு திட்டு. உள்ளங்கை பாதி அளவு. அமுக்கினால் வெளுத்து, மறுபடி சிவக்கிறது. ராத்திரி துண்டு நழுவியிருக்கிறது, பை நேராகக் காலில் பட்டிருக்கிறது, அம்மாவுக்குத் தெரியவே இல்லை. "வலிக்கலையேடி, எதுக்குப் பதறுறே" என்கிறாள். வலிக்காததுதானே பயம். இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கிறது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும், ஒவ்வொரு ராத்திரியும் நானே அந்தப் பாதத்தைத் துடைத்து விரலிடுக்குப் பார்க்கிறேன், தெரிந்தும் வெந்நீரைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன். யூனிட் கணக்குப் பார்த்த மூளை இதைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் காட்டியாயிற்று. கொப்புளம் வரவில்லை. தினமும் பார்க்கச் சொன்னார். சூடான எதையும் காலில் வைக்கவே கூடாது, தளர்வான உல்லன் சாக்ஸ் மட்டும். பையை எடுத்துச் சின்னவளிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

18,425. ஹீட்டரை இறக்கினோம். எண்ணெய் நிரப்பின ரகம், ஆயிரம் வாட். போட்டதும் ஒரு வருடத் தூசி கருகின வாசனை. எந்த ஹீட்டராக இருந்தாலும் ஆயிரம் வாட்டுக்கு ஆயிரம் வாட் சூடுதான், அதில் "சிக்கன ஹீட்டர்" என்று ஒன்று தனியாகக் கிடையாது. இது ஆறுவதற்கு நேரம் பிடிக்கும், சத்தம் போடாது, அதனால் படுக்கையறைக்குச் சரி. நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன், நீட்டு வயர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் இன்று ஒன்று கண்டுபிடித்தேன். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதே, பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கிறது. 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். இரண்டு சிமிட்டலுக்கு நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி, 1125-ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போது ஒன்பது விநாடிக்கு ஒரு தடவை. 125 வாட். ஹீட்டரையும் போட்டால் விநாடிக்கு ஒன்று, இதயம் துடிக்கிற மாதிரி. இருட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போய்விட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

18,435. பத்து! ஒரே நாளில் பத்து! காலையில் மேஜையில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அறை என்னவோ 19 இருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

18,441. ஆறுதான். நேற்று தெர்மோஸ்டாட்டைத் துளி குறைத்தேன், இவ்வளவு வித்தியாசமா?

அக்டோபர் 26, ஞாயிறு

18,453. இரண்டு நாளுக்குப் பன்னிரண்டு. ஜன்னல் வேலை பலிக்கிறது என்று நினைக்கிறேன். அறை ஒரு தடவை சூடேறினால் சூடு வெளியே போக வழியில்லை, ஹீட்டர் தானாக நின்று நின்று ஓடுகிறது. அண்ணன் ஃபோன் பண்ணினார், இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். "நீ எஞ்சினியராயிருக்கணும்" என்றார். அம்மாவிடம் கொடுத்தேன். "எனக்கென்னப்பா, ராணி மாதிரி இருக்கேன்" என்று சொன்னாள். அவர் போன வருடம் சொன்ன விஷயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

18,477. ஆறு, ஆறு, ஆறு, ஆறு. அச்சடித்த மாதிரி.

அம்மா பகலில் நிறையத் தூங்குகிறாள். வெயில் விழுகிற நாற்காலியிலேயே. லேசாக இருமல். குதிகால் சரியாகிவிட்டது.

நவம்பர் 1, சனி

ஃபோன் அடித்தது. மூன்று பேரும் ஓடினோம். தவறான எண்.

நவம்பர் 4, செவ்வாய்

ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். போகிற போக்கில் மீட்டர். சிமிட்டவில்லை. நின்றேன். சிமிட்டியது. எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஒன்பது. சரி, தெர்மோஸ்டாட் நிறுத்தியிருக்கும், அறை சூடாகிவிட்டது என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் மணி ஆயிற்று. வெளியே அவ்வளவு குளிர், எந்த அறையும் கால் மணி தாங்காது. அதற்குள் ஃப்ரிட்ஜும் நின்றுவிட்டது, சிமிட்டல் நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது.

அம்மாவின் அறைக் கதவைத் திறந்தேன். ஹீட்டரைத் தொட்டேன். கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. பிளக் கழற்றி, வயரை அழகாகச் சுற்றி, அதன் மேலேயே வைத்திருந்தது. வெப்பமானியில் 13. அம்மா இரண்டு போர்வைக்குள், தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எத்தனை நாளா?"

"எனக்குக் குளிரலைடி."

"எத்தனை நாளாம்மா?"

"நீ அன்னைக்குப் பத்துன்னு சொன்னியே, அன்னையிலிருந்து."

நான் ஒன்பதரைக்குப் போட்டுவிட்டுப் போவேன், வீடு அடங்கினதும் பதினொன்றுக்கு எழுந்து கழற்றிவிட்டு, விடியற்காலை ஐந்துக்கு, நான் வருவதற்குள், மறுபடி செருகிவிடுவாளாம். அந்தக் காலோடு, இருட்டில், குனிந்து. பன்னிரண்டு ராத்திரி. இவருக்கு வேலை வருகிறவரைக்கும்தானே என்றாள்.

பிளக்கைச் செருகினேன். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தேன். உலோகம் சூடேறும்போது டிக் டிக் என்று விரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தூங்கவில்லை, இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி இருந்தோம்.

நவம்பர் 6, வியாழன்

18,527. இரண்டு நாளில் இருபது. எழுதினேன், யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அம்மா, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். "அஞ்சு" என்றேன்.

நம்பவில்லை. ஆனால் இருமல் குறைந்திருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அழைப்பு வந்தது!! நாளைக் காலை ஒன்பது மணிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கம்பளிச் சட்டையின் முழங்கை ஓட்டை இப்போது மூன்று விரல் நுழைகிற அளவு. கோட்டுக்குள் போட்டால் தெரியாது என்கிறார், கோட்டைக் கழற்றச் சொன்னால்? அம்மா கொடு என்று வாங்கிக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை, நான் கோத்துக் கொடுத்தேன். ஓட்டைக்குள் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்து, முதலில் நீளவாட்டில் கோடு கோடாக இழுத்து, அப்புறம் குறுக்கே மேலும் கீழுமாக ஒவ்வொன்றாக நுழைத்து, துணி நெய்கிற மாதிரியே நெய்கிறாள். விரல் பார்க்காமலே போகிறது. ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் உட்கார வைத்தேன். பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. சாம்பல் நிற நூல் தீர்ந்துவிட்டது, மிச்சத்துக்குப் பச்சைதான் இருக்கிறது. பச்சை போட்டால்