சொந்த மெயில் சர்வர்: ஒரு நேரம் போகிறது, ஒரு நேரம் திரும்புகிறது

பத்தமடையில் அத்தை பாய்க்கடை வைத்திருக்கிறார். கடைப் பெயரில் டொமைன் வாங்கி, மெயிலையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றேன். முதலில் பாளையங்கோட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் முயன்றேன். வீட்டு இணைப்பில், மெயில் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்திருந்தார்கள். சரி என்று ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலைப் படிக்கக் கொடுக்கும் டவ்காட் இரண்டையும் ஏற்றினேன்.

எந்த சர்வர் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு பத்து நிமிட வேலை. மெயிலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிகேஐஎம்தான் ஒரு சாயங்காலத்தைத் தின்றது. கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியை, டொமைன் விவரங்களைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் பதிவாக வைக்க வேண்டும். அதில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும். 2048 பிட் சாவி அதைவிட நீளம். இரண்டு துண்டாக மேற்கோளுக்குள் போட்டதும் சரியானது. இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் சேர்த்தேன். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் இந்த மூன்றும் கட்டாயம். ஆனாலும் சின்னக் கடைக்கும் மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது.

நாலு சோதனை மெயில் அனுப்பினேன். நாலும் இன்பாக்ஸில். நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வாரம் அத்தை போன் போட்டார். "ஏல, மதுரைக் கடைக்குப் பட்டுப்பாய் விலை அனுப்பி மூணு நாளாச்சு, பதிலே காணும். இங்கிலீஷ்ல ஏதோ ஒண்ணு வந்து கெடக்கு, விளம்பரம்னு விட்டுட்டேன்."

அது விளம்பரமில்லை, திரும்பி வந்த மெயில். சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தேன். அதே மதுரை முகவரிக்குத் திங்கட்கிழமை அனுப்பிய படங்கள் போயிருக்கின்றன. புதன்கிழமை அனுப்பிய விலைப்பட்டியல் 550 5.7.25 என்ற மறுப்புக் குறியீட்டோடு திரும்பியிருக்கிறது. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. என் சர்வருக்குப் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6 என்று இரண்டு ஐபி முகவரி. திரும்பிய மெயில் ஐபிவி6 முகவரியிலிருந்து போயிருந்தது. ஐபி முகவரிக்குரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவை நான் ஐபிவி4க்கு மட்டும்தான் போட்டிருந்தேன். அது இல்லை என்பதுதான் அந்தக் குறியீடு.

எதிர் சர்வருக்கு இரண்டு முகவரியும் இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே இதையும் எடுக்கும், அதையும் எடுக்கும். என் நாலு சோதனையும் ஐபிவி4 வழியாகவே போயிருக்கின்றன.

உடனே ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பும்படி மாற்றி, விலைப்பட்டியலை மறுபடி அனுப்பினேன். அப்புறம் பொறுமையாக ஐபிவி6க்கும் பிடிஆர் போட்டு, அந்தப் பெயர் அதே முகவரிக்குத் திரும்புகிறதா என்று பார்த்து, எஸ்பிஎஃப்பிலும் சேர்த்தேன். இந்த முறை இரண்டு வழியிலும் தனித்தனியாகப் பத்துப் பத்து மெயில் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் திரும்பவில்லை.

சாயங்காலம் அத்தையிடமிருந்து போன்: "பதில் வந்துட்டுல. ஆறு பாய் கேட்டிருக்காவ."

டிமார்க் இன்னும் கண்காணிப்பு நிலையில்தான் இருக்கிறது. ஒரு மாத அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் இறுக்குவேன்.